மேல்மலையனூர் போக அனுமதி

சாரணர் படை வெளியூர்ச் சேவைக்குப் போகுமுன் மாவட்ட அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும் என்பது விதி. இன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்திலிருந்து எலுமிச்சையும் கற்பூரமும் மணந்தபோது, அந்த விதியை நாங்கள் மீறிய அமாவாசை நினைவுக்கு வந்தது.

அப்போது திண்டிவனத்தில் பிளஸ் ஒன் படித்தோம். படையில் மூத்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஐவரும் விலகுவதாக இருந்தோம்.

"சின்னப் பசங்களோட கயித்துல முடிச்சு போட்டுக்கினே இருக்கறது பேஜாரா இருக்குது சார்," என்றான் நெட்டை அந்தோணி.

"மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்துல தொலையற கொழந்தைங்களைப் பெத்தவங்ககிட்ட சேக்கிற வேலை தர்றேன். வர்றீங்களாடா?" என்றார் சாரண ஆசிரியர்.

"அனுமதி சார்?" என்றேன். எனக்கு அப்போதே அந்த வியாதி.

"எழுதிக் கேட்டாச்சு. பதிலுக்குக் காத்துக்கினு இருந்தா உனக்கு மீசை நரைச்சிடும்."

போனோம். அழுதுகொண்டு நின்ற ஒரு குழந்தையை அந்தோணி தோளில் ஏற்றிக்கொண்டு, "யார் வூட்டுப் புள்ள?" என்று கத்தியபடியே நடந்தான். ஓடிவந்த தாய், "எங்கடா தூக்கினு போற?" என்று அவன் முதுகில் இரண்டு வைத்தாள். விவரம் தெரிந்ததும் அவித்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, அவன் தொப்பி நிறையக் கொட்டினாள்.

அதை எங்களுக்கும் பங்கு கொடுத்தபடி அந்தோணி கேட்டான்: "அடுத்த அமாவாசை என்னிக்கு சார்?"

ஒருவரும் விலகவில்லை. அமாவாசை தவறாமல் போனோம். அனுமதி மறுத்து அலுவலகம் அனுப்பிய பதில், எங்கள் பிளஸ் டூ ரிசல்ட் வெளியான அன்று வந்து சேர்ந்தது.