இரண்டு சுற்று ஏறும் சக்

கொட்டகலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டிலில், மரம் கடையும் தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த அவரைச் சந்தித்தேன். அவருடைய பழைய கடைசல் மெஷினில், புதிதாக வாங்கிய சக் இரண்டு சுற்று ஏறி இறுகிவிடுகிறதாம். மரத்தைக் கவ்விப் பிடிப்பதே அந்தச் சக்தான். பேசும்போதெல்லாம் அதன் மரையை, அந்தத் திருகுப் புரியை, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் ஆசையாகக் கொண்டுபோன, மரை எண்ணும் அளவுத் தகட்டை இரண்டின் மரையிலும் வைத்துப் பார்த்தேன்.

"அண்ணே, மெஷின்ல அங்குலத்துக்குப் பத்து மரை, சக்குல எட்டு. சேராதுங்க."

"எண்ணெ போட்டா?"

"போட்டாலும் ஏறாது. ஹட்டன் பூரா கேட்டுட்டேன், பத்து மரைச் சக் யாருகிட்டயும் இல்ல."

"ரெண்டு சுத்து போகுதே தம்பி. இத நம்பித்தானே தோட்டத்து வேலையே வேணாம்னு பேர வெட்டிக்கிட்டேன்."

சக்கை என்னிடம் நீட்டினார். "ஒங்க கையால ஒருக்கா சுத்துங்க."

ஏறாது என்று தெரிந்தே சுற்றினேன். அவர் மூச்சுவிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.