கற்பூரச் சத்தியமும் ஒரு சிறுநீரகமும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்டி டவுனில் சப்பாத்துக் கடையில் வேலை செய்தவன் நான். ஊரார் கால்களையெல்லாம் அளந்தே தலை நரைத்தவன், என் கால் வீங்கியபோது சப்பாத்துச் சுருங்கிவிட்டது என்று முதலாளியிடம் புகார் செய்தேன். பெரிய சைஸ் மாற்றியும் வாங்கிக்கொண்டேன். அதுவும் இறுகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மிதமிஞ்சி இருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டொக்டர். சுருங்கியது எது என்பதில்தான் எனக்குச் சின்னக் குழப்பம் இருந்திருக்கிறது.

டயலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்துக் கருவியில் கழுவி உள்ளே விடுவது) தொடங்கினார்கள். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால்தான் விடிவு. மனைவி லெட்சுமிக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு), அவளுடையது ஆகாது. அவள் தம்பி பழனியுடையது பொருந்தியது. மடுல்கெல்ல பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான்.

அவனைச் சம்மதிக்க வைத்தது என் மாமியார். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், "அக்கா தாலி ஒங்கையிலதான்டா இருக்கு" என்று கற்பூரம் அணைக்கச் சொன்னார். எங்களில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் பேச்சு மாறமாட்டான். மாறினால் அவன் பிள்ளைகுட்டி விளங்காது என்பார்கள். பழனிக்குக் கைக்குழந்தை இருந்தது. எரிகிற கற்பூரத்தில் உள்ளங்கையை வைத்து அமர்த்தினான். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு லொறிக்குப் போனான். பக்கத்தில் நின்ற எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இரத்த உறவில்லாதவர் உறுப்புக் கொடுப்பதென்றால் நெறிமுறைக் குழு (நோயாளிக்கும் கொடுப்பவருக்கும் அநியாயம் நடக்காமல் பார்க்கும் குழு) அனுமதிக்க வேண்டும். நான் அதை விசா இன்டர்வியூ மாதிரி நினைத்துக்கொண்டு, வீங்கிய முகத்துக்குப் பவுடர் போட்டுப் போனேன். நீள மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் தமிழில் கேட்டார்.

"அவர் விரும்பித்தான் தாறாரோ?"

"அதுல சந்தேகமே வேணாம் டொக்டர். கோயில்ல கற்பூரம் அணைச்சிருக்கான்."

"ஆர் அணைக்கச் சொன்னது?"

"எங்க மாமியார்."

"இனி அவர் வேண்டாமெண்டு சொல்லலாமோ?"

"எப்புடி முடியும் டொக்டர்? சாமி குத்தமாயிரும்ல."

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்லிவிட்ட பூரிப்பில் எல்லோரையும் பார்த்தேன். டொக்டரம்மா அதைச் சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு பழனியைத் தனியே கூப்பிட்டார்கள். வெகுநேரம் கதவு திறக்கவில்லை.

அனுமதி கிடைக்கவில்லை. "காரணம் சொல்லமாட்டம். முடிவு எங்கட, பழனியின்ர இல்லை" என்றார் டொக்டரம்மா. மாமியார் அந்த வராந்தாவிலேயே குழுவுக்கு மண்ணள்ளித் தூற்றினார். லெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பழனியை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவன் சத்தியத்தை மீறவில்லையே, மறுத்தது டொக்டர்மார்தானே. அந்தச் சாபத்தைத் தங்கள் தலையில் வாங்கிக்கொள்வதும் குழுவின் வேலை என்று எனக்கு விளங்க மாதக்கணக்காயிற்று. அதுவரை நானும் என் பங்குக்குத் திட்டினேன்.

இதைப் படிக்கிறவர்களில் குழுவின் முன் போகக் காத்திருப்பவர்கள் இருப்பீர்கள். குழுவினர் உங்களைச் சாகவிட உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. ஆனால் அன்று அப்படித்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது.

இப்போது எனக்குக் கிழமைகள் இல்லை. கருவியில் கிடக்கும் நாள், அசதியில் கிடக்கும் நாள், ஒரு மிடறு தண்ணீருக்கு ஏங்கிக் கிடக்கும் நாள், அவ்வளவுதான். கையில் ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியாக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) ஓயாமல் இரைகிறது. இந்த உடம்பை என்னுடையது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. யாரோ இரவல் தந்ததைப் போலத்தான் கொண்டு நடக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் பகிடி சொல்லிச் சிரிக்க எனக்கு ஆளாக இருந்த, கம்பளை ஊர் முஸ்லிம் நானா போன மாதம் வரவில்லை. அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

பழனி கண்டிக்கு லோட் கொண்டுவரும்போதெல்லாம் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவான். ஒருநாள் என் வழக்கமான பகிடிக் குரலில் கேட்டேன்.

"ஏன் மாப்ள, ஒனக்கு இஷ்டமில்லேன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன ஒன்னய கடிச்சா தின்னிருப்பேன்?"

குழாயில் ஓடும் இரத்தத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"நீங்க கேக்கலயே மச்சான்."