கூட்டு எண் ஆறு

நம்பரைக் கூட்டினால் ஆறு வரவேண்டும், அப்போதுதான் எனக்குக் கல்யாணம் கூடிவரும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். தி. நகரில் கடை கடையாக ஏறி அப்படி ஒரு சிம்மை வாங்கினோம். அவளுக்குத் தெரியாமல் அதே நம்பரில் டேட்டிங் ஆப்பில் சேரப் பார்த்தேன். ஓடிபி வந்து தொலையவில்லை. போனை அணைத்துப் போட்டேன், சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், எரிச்சலில் ஆப்பையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். ஒருவழியாக வந்தது. அதைப் போட்டதும், பெயர்கூடக் கேட்காமல், ‘திரும்பி வந்ததில் மகிழ்ச்சி’ என்றது ஆப்.

உள்ளே இருந்தது வேறு யாருடைய கணக்கோ. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டு நின்றான். எவனோ விட்டுப்போன நம்பரை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வெளியேறப் போனேன். அதற்குள் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது.

“ஆன்லைன்ல இருக்கியா?”

நீங்கள் தேடும் ஆள் நான் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

“உன் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட வந்தேனேடா.”