மச்சானுக்காக அளவெடுத்த பயணம்

காலை ஆறு மணி, அருப்புக்கோட்டை. வாடகைக் கார் வாசலுக்கு வந்தபோது தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் ஓடினால் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அன்று ஓடியது மழைத் தண்ணீர். முதல் நாள் பொழுது சாயும்போது தொடங்கி, விடியும்வரை விட்டுவிட்டுப் பெய்திருந்தது. போன ஐப்பசியின் முதல் வாரம் அது. அதற்கு முந்தைய ஐப்பசிகளில் எட்டிக்கூடப் பார்க்காத மழை, நாங்கள் இலங்கைக்குக் கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

கார் ஓட்டுநர் ஜமால், ஜெத்தாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். பெட்டிகளை ஏற்றியபடியே, "சார், நீங்க வெளிநாடு கெளம்புறீகன்னு வானமே தண்ணி தெளிச்சு விடுது" என்றார். நான் சிரித்தேன். என் மனைவி இந்திராணி சிரிக்கவில்லை. "அண்ணனுக்கு நாலு தடவ போன் போட்டுட்டேன். எடுக்கல" என்றாள்.

அண்ணன் என்று அவள் சொன்னது பால்ச்சாமி மச்சானை. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் மானாவாரி வெள்ளாமை செய்பவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

பயணம் திட்டமிட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, எந்த இணைப்பில் யார் சான்றொப்பம் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மதுரையில் ஒரு பயண நிறுவனம், "உங்கள் விருப்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சுற்றுலா" என்று விளம்பரம் செய்திருந்தது. அளவு கொடுத்துத் தைத்த சட்டை எனக்கு இதுவரை ஒன்றுகூடச் சரியாக அமைந்ததில்லை. இருந்தாலும் போனேன். அங்கிருந்த பெண், "சாருக்கு பீச்சா, ஹில்ஸா, வைல்ட் லைஃபா?" என்று கேட்டாள். கடல், தேயிலை மலை, யானைக் காடு, வறண்ட சமவெளி எல்லாம் ஒரு பகல் தூரத்துக்குள் அடங்கிய நாடு இலங்கை. எல்லாவற்றிலும் ஒன்று வேண்டும் என்றேன். அத்துடன் அ, ஆ, இ என்று உட்பிரிவுகள் போட்ட நான்கு பக்கக் குறிப்பையும் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதல்ல. பணிக்காலத்தில் நான் மற்றவர்களின் மனுக்களை அப்படித்தான் பார்ப்பேன்.

மச்சானுக்கு உட்பிரிவு எதுவும் இல்லை. ஒரே ஒரு விருப்பம்தான். "நிக்காம தண்ணி விழுகுறதப் பாக்கணும் மாப்ள. மூணு தடவ குத்தாலம் போனேன். மூணு தடவயும் பாறையப் பாத்துட்டு வந்தேன்" என்றார். வெள்ளாமை முடிந்து அவர் கையில் காசு புழங்குவது பங்குனி, சித்திரையில். அப்போது குற்றாலத்தில் மட்டுமல்ல, எங்குமே பாறைதான் இருக்கும்.

பயண நிறுவனத்தின் அட்டவணைப்படி இலங்கை மலையகத்தில் அருவிகள் நிறைந்து விழுவது இரண்டு பருவம்: ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஆனி, ஆடி மச்சானுக்குத் தோதான காலம். கோடை உழவு முடித்து வானம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஜூலை என் ஓய்வூதிய நேர்காணல் மாதம். உயிரோடிருக்கிறேன் என்று கருவூலத்தில் நேரில் போய்க் காட்டவேண்டும். இணையத்தில் கைரேகை வைத்தே முடித்துவிடலாம், அதுவும் எனக்குத் தெரியும். என்றாலும் முறைப்படி நேரில் போவதில்தான் எனக்குத் திருப்தி. ஆகவே ஐப்பசி என்று முடிவு செய்தேன். மச்சான் தயங்கினார். "வெதப்பு நேரம் மாப்ள. மழ விழுந்துட்டா?" என்றார். "எங்க மச்சான் விழுகுது?" என்று கேட்டேன். சரி என்றுவிட்டார்.

ஏழு மணிக்குத் திருச்சுழியைத் தாண்டினோம். அருப்புக்கோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். சாலையின் இருபக்கமும் கரிசல் நனைந்து மை போலக் கறுத்துக் கிடந்தது. கிராமத்துப் பிரிவில் ஜமால் காரை நிறுத்திவிட்டார். "கரிசல்ல எறக்குனா கொழும்புக்கு இல்ல சார், அடுத்த தெருவுக்குக்கூடப் போக முடியாது" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம்.

மச்சான் வாசலில் நின்றிருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, பக்கத்தில் பெட்டி. எல்லாம் சரியாக இருந்தது. காலில் மட்டும் கணுக்கால்வரை ஈரக் கரிசல் அப்பியிருந்தது.

"வாங்க மாப்ள. வா தாயி. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுக் கெளம்பிருவோம்" என்றார். குரலில் அவசரம் இருந்தது. யாராவது தடுப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம்.

தடுக்க ஆள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு இருளப்பன் நாற்பது வயதுக்காரன், வாய்த் துடுக்கானவன். "என்ன மாமா, டிராக்டரு மத்தியானம் வருதுங்கான். மொத கை எப்பிடி? பிளேனுல இருந்து தூவி விடப்போறீகளா?" என்றான்.

"ஏலே, போடா அங்குட்டு" என்றார் மச்சான். ஆனால் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பதமான மழை விழுந்ததும், டிராக்டர் இறங்குவதற்கு முன்னால், புஞ்சையின் ஈசானி மூலையில் முதல் கை விதையைக் கைராசிக்காரர் தூவவேண்டும். பால்ச்சாமி மச்சானின் கை ராசியான கை என்று அந்தத் தெருவே நம்புகிறது. அவர் புஞ்சைக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்து ஐந்தாறு வீட்டுப் புஞ்சைக்கும் முதல் கை அவருடையதுதான். ஈரம் காய்வதற்குள் எல்லாம் முடியவேண்டும். டிராக்டர் ஒன்றுதான், அதற்கு வரிசை வேறு.

எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "விடுப்புல போகும்போது பொறுப்ப இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கிறது இல்லையா மச்சான்? அது மாதிரி வேற யாரையாவது..."

"கையக் கழட்டிக் குடுத்துட்டு வரச் சொல்றீகளா மாப்ள?" என்றார்.

மச்சானின் மனைவி பேச்சியக்கா உள்ளிருந்து வந்தார். "ஆறு நாளுதான, நான் பாத்துக்கிருதேன், போங்கன்னு விடியக்காலமே சொல்லிட்டேன். அவுக காதுல ஏறுனாத்தான? இருட்டுல புஞ்சைக்குப் போயி மண்ணப் பெசஞ்சு பாத்துட்டு வாராக."

மச்சான் பெட்டியைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். இருளப்பனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேலி பேசியிருந்தால்கூட அவர் காரில் ஏறியிருப்பார்.

"நீங்க போயிட்டு வாங்க மாப்ள" என்றார்.

இந்திராணி அழத் தொடங்கினாள். "அப்ப நாங்களும் போகல. நீ இல்லாம எனக்கெதுக்குண்ணே?"

"கிறுக்கச்சி. மாப்ள இதுக்காக எம்புட்டு நாளா அலைஞ்சாரு. போ, நேரமாகுதுல்ல" என்று அதட்டினார். அதட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். புதுச் சட்டையைக் கழற்றக்கூட இல்லை.

காரியாபட்டியில் டீ குடித்தோம். டீ பதினைந்து ரூபாய். தண்ணீரில் சர்க்கரையைக் காட்டியிருந்தார்கள். ஜமால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சவுதியில இருந்தப்ப ரெண்டு பெருநாளு வீட்டுக்கு வரமுடியாமப் போச்சு சார். மூணாவதுக்கு வந்தப்ப எங்கத்தா உசுரோட இல்ல. பொழப்புன்னு ஒண்ணு இருந்தா அப்பிடித்தான்" என்றார். அவர் என்னைத் தேற்றுகிறாரா, மச்சானைத் தேற்றுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பகல் விமானம். மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்தான். மூன்று இருக்கைகள் ஒரே வரிசையில் போட்டிருந்தேன். ஜன்னலோர இருக்கை மச்சானுக்கு. இந்திராணி அதில் உட்கார மறுத்துவிட்டாள். அதில் அவள் கைப்பை கொழும்புவரை வந்தது.

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வேன் ஓட்டுநர் சிவா காத்திருந்தார். மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்துத் தமிழர். "மூணு பேர்னுதானே ஐயா சொன்னாங்க?" என்றார்.

"ஒருத்தர் வரல. மழை பெஞ்சிருச்சு."

சிவா பெட்டிகளை வேனில் ஏற்றினார். "மழைக்கா ஐயா வரல? இங்க மழைக்கு நின்னா வருசத்துல பாதி நாள் வீட்டுக்குள்ளதான் இருக்கணும்."

மறுநாள் கித்துல்கல, ஹட்டன் வழியாக மலை ஏறினோம். விமான நிலையத்திலிருந்து தலவாக்கலை சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் தென்னந்தோப்பு ரப்பர் தோட்டமாகி, ரப்பர் தேயிலையாகி, புழுக்கம் மூடுபனியாகிவிடுகிறது. வழியெங்கும் மழை. யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தேயிலை பறிக்கும் பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். இவ்வளவு மழைக்கு நடுவில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசாமலிருப்பதைப் பார்க்க எங்களுக்கு விசித்திரமாக இருந்தது.

தலவாக்கலைக்குச் சற்று முன்னால் டெவன் அருவி. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கறுத்த பாறையில் ஒரே வீச்சாக விழுகிறது. சாலையில் நின்றே முழுதும் பார்க்கலாம். மூடுபனி விலகியதும் அது தெரிந்தது. சத்தம் முதலில் வந்ததா, அருவி முதலில் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் பார்த்தால் போதும் என்று தோன்றவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தாலும் அப்படித்தான். விழுந்துகொண்டே இருந்தது. என் குறிப்பில் அந்த இடத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அதன் உயரம், பெயர்க்காரணம் எல்லாம் படித்து வைத்திருந்தேன். யாரிடம் சொல்வது? இந்திராணி குடையை மடக்கி வைத்துவிட்டு நனைந்துகொண்டே நின்றாள். பிறகு, "இதுல ஒரு பொழுதுத் தண்ணி நம்ம பக்கம் விழுந்தா அண்ணனுக்கு ஒரு வெள்ளாம வந்துரும்" என்றாள்.

கடைசி இரண்டு நாள் தெற்கே, அம்பாந்தோட்டைப் பக்கம். மலையிலிருந்து இறங்கியதும் முள்மரங்களும் செம்மண்ணும் வற்றிய குளங்களும் வந்தன. மயில்கள் நின்றன. இந்திராணி வெளியே பார்த்துவிட்டு, "இதப் பாக்கவா கடல் தாண்டி வந்தோம்? நம்மூரு மல்லாங்கிணறு மாதிரியே இருக்கு" என்றாள். யானைகள் இரண்டைப் பார்த்தோம். அன்று சாயங்காலம் பேச்சியக்கா போனில் கிடைத்தார். விதைத்தாயிற்று, முளை விட்டுவிட்டது, அடுத்த மழைதான் இன்னும் வரவில்லை என்றார்.

அடுத்த மழை வரவே இல்லை. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத் திருச்சுழிக்குப் போனோம். கரிசல் வெடித்திருந்தது. முளைத்த மக்காச்சோளத்தில் பாதி நுனி கருகி, மீதி தலை தொங்கி நின்றது. இருளப்பன் புஞ்சையிலும் அதே கதி. மச்சான் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். புஞ்சையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுங்க மாப்ள. தண்ணி எப்பிடி விழுந்துச்சு?"

வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். காலடியில் கிடந்த வெடிப்பில் என் செருப்பு நுனி இறங்கியது.

"பெருசா ஒண்ணுமில்ல மச்சான். சுமாராத்தான் விழுந்துச்சு" என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். "அப்பிடியா தாயி?"

"ஆமாண்ணே. இதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தோம்னு ஆயிப்போச்சு" என்றாள் இந்திராணி.

"போட்டோ பிடிக்கலையா?"

"போன்ல தண்ணி பட்டுருச்சுண்ணே."

சுமாராக விழுந்த தண்ணீரில் போன் எப்படி நனைந்தது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துக்க வீட்டில் ஆறுதல் சொல்லத் தெரியாமல் திணறுபவர்களை அந்த வீட்டுக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அப்ப நான் வராததே நல்லது மாப்ள. வந்திருந்தா வீணா அலைச்சல்" என்றார்.

நாங்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேரவேண்டும் என்பதற்காக, அதையே இன்னொரு முறையும் சொன்னார்.