மிடில் நேம் கட்டம்

நடுவைக் குறிக்க இங்கிலீஷில் என்னென்ன சொல் என்று கேட்டால் இன்றைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். மிடில், சென்டர், அமிட், மிட்வே, இன்டர்மீடியட். வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரி வகுப்பில் படித்தவை. அந்தக் கெட்டித்தனத்தில் இடி விழ!

அக்காவும் நானும் அப்போது கடற்கரைப் பக்கம், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் அறையில் இருந்தோம். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கலியாணம் முடிந்த கையோடு அத்தான் கனடா போய்விட்டார். அக்காவையும் அங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தார். அதற்காகத்தான் அவள் யாழ்ப்பாணத்திலிருந்து என்னிடம் வந்தாள்.

பின்னேரங்களில் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன். சென்டர் என்றால் வட்டத்தின் நட்டநடு. மிடில் என்றால் இரண்டுக்கும் இடையில். அமிட் என்றால் பலதுக்கு மத்தியில் அகப்பட்டிருப்பது. மிட்வே என்றால் பாதி வழி.

"எல்லாம் நடுதானே, இவங்களுக்கு ஏன் இவ்வளவு சொல்லு?" என்று சிரிப்பாள்.

"விசர்க் கதை கதைக்காமல் பாடமாக்கு," என்று அதட்டுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவளை.

விண்ணப்பப் படிவம் வந்தது. பெயருக்கு மூன்று கட்டம். எங்களுக்கேது மூன்று பெயர்? அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு, அவ்வளவுதான். அக்காவின் பாஸ்போர்ட்டிலும் அப்படியே இருந்தது. ஆனால் மிடில் நேம் கட்டம் வெறுமையாகக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைத் தூக்கி நடுவில் வைத்தேன். கடைசிக் கட்டத்தில் அத்தானின் பெயரைப் போட்டேன்.

"பாஸ்போர்ட்டில இப்பிடி இல்லையேடி."

"வெள்ளைக்காரன்ர முறை இதுதான். உனக்குத் தெரியாது, சும்மா இரு."

அவள் கையெழுத்து வைத்தாள்.

அத்தானோ தன் ஸ்பொன்சர் படிவத்தில் அக்காவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே எழுதி அனுப்பியிருந்தார். நாலு மாதம் கழித்து எம்பசியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்பொன்சர் செய்தவரின் மனைவியும் விண்ணப்பித்தவரும் ஒரே ஆள்தான் என்பதற்குக் கலியாணப் பதிவின் அத்தாட்சிப் பிரதி வேண்டுமாம். பதிவு யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டு. தபாலை நம்பினால் எம்பசி தந்த தவணை நாள் தப்பிவிடும். கிளாலிக் கடலைப் படகில் கடந்துதான் சனம் போய்வந்துகொண்டிருந்தது.

நான் போகிறேன் என்றேன். அழுதும் பார்த்தேன்.

"பதிவில கையெழுத்து வைச்சவள் நான். நான் போனால்தான் கெதியா எடுக்கலாம். நீ வகுப்பைப் பார். ரெண்டு கிழமையில வந்திடுவன்," என்றாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கன்னத்தில் நாலு அறை தந்திருக்கலாம்.

நாலாவது கிழமை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அறைக்கு வந்தார். அக்காவின் படகுக்குப் பின்னால் வந்த படகில் இருந்தவர். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிள்ளை, கொக்கா பத்திரத்தை எடுத்திட்டா. நனையக்கூடாதெண்டு ரெண்டு ஷொப்பிங் பையில சுத்தி, சட்டைக்குள்ள வைச்சிருந்தவ. நடுக்கடலில வரேக்க நேவிக்காரன்ர துவக்குச் சூடு விழுந்தது. முன்னால போன படகு..."

அக்காவின் உடல் கிடைக்கவில்லை. பத்திரமும் கிடைக்கவில்லை. ஐயோ, ஒரு கட்டத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லையே!

அத்தானுக்கு எழுதிய பிறகு எம்பசிக்கும் நானே எழுத வேண்டியிருந்தது. டியூட்டரியில் படித்த ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. விண்ணப்பதாரி இறந்துவிட்டார் என்று ஒரே வரி. மேலே அக்காவின் பெயரை, பாஸ்போர்ட் பிரதியைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். அன்றைக்குத்தான் அதைச் சரியாக எழுதினேன்.