இரத்தம் நிறுத்தும் குளிசை

கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த இரண்டாம் வருடம் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். மூன்று நாளாக இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், "பீரியட் எத்தனை நாள் போகும்?" என்று கேட்டார்.

"பத்து நாள். சிலவேளை பன்ரெண்டு."

எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பதின்மூன்று வயதிலிருந்து ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

இரத்தத்தை ஒட்டவைக்கும் புரதமொன்று என் உடம்பில் பிறவியிலேயே குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் அந்தப் புரதத்தை வெளியே விடச்செய்யும் ஊசி ஒன்று உண்டாம். பல் பிடுங்கவோ ஒப்பரேஷனுக்கோ அது. மாதாமாதம் எனக்குக் குளிசை.

"இது ரத்தத்தைக் கட்டியாக்காது, பிள்ளை. கட்டினதைக் கரையாமல் வைச்சிருக்கும், அவ்வளவுதான். தொடங்கின நாளிலயிருந்து மூண்டு நேரமும் ரெண்டு ரெண்டு. நாலு நாளைக்கு மேல வேண்டாம். கால் வீங்கி நொந்தால் உடன வாங்கோ," என்றார் டொக்டர்.

அந்த மாதம் ஆறாம் நாளே நின்றுவிட்டது. பஸ்ஸில் இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் எழும்பி இறங்கினேன்.

என் கணவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சிங்களம் சரளமாகக் கதைப்பார். எனக்கு மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். டொக்டர் ஆங்கிலத்தில் தந்த கடிதத்தை வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தார். "இதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதையும்," என்றார்.

யுத்த காலம் அது. இயக்கக்காரரைத் தேடி ஒரு ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். பொலிஸ்காரர் மூவர் வீட்டுக்குள் வந்தார்கள். முன்னறையில் வீட்டுச் சொந்தக்காரரும் கணவரின் தம்பியும் நின்றார்கள். மருந்து எப்போது தட்டுப்படுமோ என்ற பயத்தில் நான் சேர்த்துவைத்திருந்த பத்து அட்டைக் குளிசையும் அலுமாரிக்குள் இருந்த டொக்டரின் கடிதமும் மேசைக்கு வந்தன.

"மே பெஹெத் காட்டத?" இந்த மருந்து யாருக்கு என்று அவர்களில் பெரியவன் கேட்டான்.

நான் கணவரைப் பார்த்தேன். தலையிடிக் குளிசை என்று அவர் சிங்களத்தில் சொன்னார்.

பெரியவன் கடிதத்தை விரித்து எழுத்துக்கூட்டினான். ஓரிடத்தில் விரல் நின்றது. "லே," என்றான் மற்றவர்களிடம். இரத்தம். இரத்தம் நிறுத்துகிற மருந்து இவ்வளவு. அதற்கு ஒரு பொய் வேறு. காயப்பட்ட எந்த இயக்கக்காரருக்கு அனுப்ப வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினான்.

"எனக்கெண்டு சொல்லுங்கோ. என்னத்துக்கெண்டு சொல்லுங்கோ," என்று கணவரிடம் கெஞ்சினேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"மகே, மகே," என்னுடையது என்று நானே சொல்லி வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர்களுக்கு விளங்கவில்லை. என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் டொக்டர் தொலைபேசியில் பேசிய பிறகுதான் விட்டார்கள். குளிசைகளைத் தரவில்லை. ஆஸ்பத்திரி மருந்தறையிலும் முடிந்துவிட்டதாம். டொக்டரிடம் துண்டு எழுதிவித்து வெளியில் வாங்கலாம் என்றேன். "இப்ப அந்த மருந்தின்ர பேரோட பாமசிக்குப் போறதே? கொஞ்சம் பொறும்," என்றார் கணவர்.

வியாழக்கிழமை பீரியட் தொடங்கியது. நான்காம் நாள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவள் மயங்கி விழுந்தேன். மூன்று பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள்.

கட்டிலருகில் இருந்து அவர் சொன்னார்: "பொலிஸ் வந்தால் நான் என்ன செய்யிறது?"

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால எப்பிடியப்பா சொல்லுறது?"

வார்டில் இருந்த சிங்களத் தாதியிடம் அந்த வசனத்தைக் கேட்டுத் தமிழெழுத்தில் எழுதிப் பாடமாக்கினேன். எனக்கு மாதவிடாயில் இரத்தம் நிற்பதில்லை, அதற்கு மருந்து. அதன்பிறகு வந்த ஒவ்வொரு சோதனையிலும் உரத்துச் சொன்னேன். பொலிஸ்காரர்கள்தான் வெட்கப்பட்டு அட்டைகளைத் திருப்பித் தந்தார்கள். கணவர் பல்கனிக்குப் போய் நின்றுகொள்வார்.

இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் பிறகு கதைக்கவே இல்லை. நானும் மன்னிக்கவில்லை.