பின்சீட்டில் வலது பக்கம்

நான் கணக்கு வாத்தியார். நிரூபிக்காத எதையும் ஒத்துக்கொள்ளாதே என்று பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருடமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை, என் மனைவி வடிவு கூட இருந்தாள், வேண்டுமானால் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பழைய வண்டிப் பைத்தியம். தென்காசிப் பக்கம் ஒரு மரமில்லில், தகரக் கொட்டகைக்குள் கோழி அடைந்து கிடந்த கறுப்புக் கார் ஒன்றை வாங்கினேன். வயது என்னைவிட அதிகம். எத்தனை கை மாறியது என்று மில்காரருக்கே தெரியவில்லை. மூன்று மாதம் ஞாயிறு ஞாயிறாக வீட்டு முற்றத்தில் அதன் அடியில் படுத்துக் கிடந்தேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பிரேக்கைச் சரிசெய்தேன், மொத்த ஒயரையும் புதிதாக இழுத்தேன். இரண்டு வேலைதான் பாக்கி. ஹாரன் உள்ளே துருவேறிக் கத்தாமல் போனதால் அதைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டிருந்தேன், வடிவு தினமும் திட்டுவாள். இன்னொன்று, பின்பக்கம் இடது கதவு. திறக்கவே திறக்காது. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, நெம்பி, உள்தகட்டைக் கழற்றிப் பூட்டில் கைவிட்டுப் பார்த்தும் அசையவில்லை.

இன்ஜின் சூடாகிறதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் தாண்டி வண்டி நன்றாகத்தான் போனது. அம்பாசமுத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஒரு பச்சைக் கேட் போட்ட வீட்டு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. இருமவில்லை, திணறவில்லை, யாரோ சாவியைத் திருப்பி அணைத்தமாதிரி நின்றது.

பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டருக்கு வரும் குழாயை உருவிப் பம்பைக் கையால் அடித்தேன், பெட்ரோல் பீய்ச்சியது. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து வடிவைச் சாவி திருப்பச் சொன்னேன், நீலமாகப் பொறி வந்தது. காற்று வடிகட்டியும் சுத்தம். எல்லாம் சரி, ஆனால் திருப்பி மாட்டிச் சாவியைத் திருப்பினால் உயிர் வரவில்லை.

"பெட்ரோலு வருது, நெருப்பு வருது, பொறவு இதுக்கு என்னதான் வேணுமாம்?" என்றாள் வடிவு.

அப்போதுதான் பச்சைக் கேட் திறந்தது. எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நடந்து வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. நேராக இடதுபக்கப் பின்கதவுக்குப் போய், கைப்பிடிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, லேசாகத் தூக்கி இழுத்தார். கதவு திறந்துகொண்டது. ஏறி உட்கார்ந்து சாத்திக்கொண்டார். மூன்று மாதம் நான் மல்லுக்கட்டிய கதவு.

பின்னாலேயே சாப்பிட்ட கையோடு அறுபது வயதுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். அந்த அம்மாவின் மகன், பெயர் கோமதிநாயகம் என்று பிறகு தெரிந்தது. காருக்குள் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா நடந்தா வந்தாங்க? அண்ணாச்சி, நீங்க பாத்தீயளா? ஆறு வருசமாக் கட்டில்ல கெடக்காங்க. எழுப்பி உக்கார வைக்கவே ரெண்டு ஆளு வேணும்."

நான் தலையாட்டினேன். அவரே சொன்னார். "நீங்க ஹாரன் அடிச்சீங்கள்லா, ரெண்டு சின்னது, ஒரு நீட்டம். அதைக் கேட்டதும் அம்மா 'வந்துட்டாங்க'ன்னு சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டுது."

"நாங்க அடிக்கலியே," என்றாள் வடிவு. "ஹாரன் வீட்ல மேசைமேல கெடக்கு."

ஹாரன் இருக்கவேண்டிய இடத்தை அவருக்குக் காட்டினேன். இரண்டு திருகாணித் துளை மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு மெதுவாகப் பின்னால் போய் நம்பர் பலகையைப் பார்த்தார்.

"இது எங்க அப்பா வண்டில்லா," என்றார்.

நம்பினால் நம்புங்கள். அவர் அப்பா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இறந்த அன்றைக்கு, வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வருகிறேன், பாபநாசம் போவோம், கிளம்பி நில் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர், பட்டறையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். இந்த அம்மா பட்டுச்சேலை கட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாராம்.

"அம்மா, எறங்குங்கம்மா," என்று மகன் கெஞ்சினார். அம்மா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பானெட்டைச் சாத்திவிட்டு ஸ்டியரிங் முன்னால் வந்து உட்கார்ந்த என் முதுகைப் பார்த்து, "வெயில் ஏறுதுல்லா, எடுங்க," என்றார்.

சாவியைத் திருப்பினேன். ஒரே தடவையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மகன் கூட வருவதற்காக வலதுபக்கக் கதவைத் திறந்தார். அம்மா கையை நீட்டித் தடுத்தார். "இங்கன எடமில்லடே, அப்பா உக்காந்திருக்காங்கள்லா." மகன் கதவைப் பையச் சாத்தினார். பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை எப்படிச் சொல்வது? பின்னால் அம்மா தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார். கேட்பார், நிறுத்துவார், பதில் கேட்டமாதிரி 'உம்' கொட்டுவார். ஒருமுறை வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒருமுறை, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எஞ்சேல ஒங்க காலுக்கடியில மாட்டிக்கிட்டு," என்றார். நைட்டி போட்டிருந்தவர். வடிவு என் முழங்காலை இறுகப் பிடித்திருந்தாள், நகம் பதிந்த தடம் மறுநாள் வரை இருந்தது. எனக்கு நேர் பின்னால்தான் அந்தக் காலி இடம். கண்ணாடியில் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார், நிரூபணம் கேட்கிறவன், பார்க்கவில்லை.

பாபநாசத்தில் படித்துறைக்கு நேராக நிறுத்தினேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது, ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இறங்கவில்லை, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "போதும்" என்றார்.

பச்சைக் கேட்டுக்குத் திரும்பி வந்ததும் வடிவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். கால் தரையில் பட்டதுமே துணி மாதிரி மடங்கிவிட்டது. மகன் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டார். நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். அம்மா கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவங்க எறங்கலையாம். ஒங்ககூடயே வாராங்களாம். பாத்து ஓட்டுங்க."

ஒன்பதாம் நாள் கோமதிநாயகம் போன் செய்தார். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாராம். அந்த ஒன்பது நாளும் எழுந்திருக்கவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லையாம்.

அந்த அம்மாவுக்கு மூளை குழம்பியிருந்தது, பழைய பூட்டின் சூட்சுமம் கைக்கு ஞாபகம் இருந்தது, ஹாரன் சத்தம் வேறு ஏதோ வண்டியுடையது. இப்படி எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் முடியவில்லை. நானே அளந்து பார்த்தது அது. வண்டி ஆளில்லாமல் முற்றத்தில் நிற்கும்போது, தரையிலிருந்து பின்சக்கர மட்கார்டு வரை இரண்டு பக்கமும் ஒரே அளவு. நான் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு வடிவு ஸ்கேலை வைத்தால், என் பாரத்துக்கு வலது பக்கம் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், இறங்கியிருக்கும், அது சரிதான். சாவியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். வண்டி லேசாக ஆடும். வடிவு மறுபடி அளப்பாள். பின்னால், வலது பக்கம் மட்டும், இன்னும் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். ஸ்பிரிங் பட்டையை மாற்றிப் பார்த்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை வரை அதே ஒரு விரல்கடைதான்.